பிளேட்லெட்டுக்கு ஒரு முடிச்சு

நான் பதில் சொல்லச் சொல்ல, வாய்ப்பரீட்சை நடத்த வந்தவர் தன் இடது காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு காதுக்குள் இருந்த சின்ன மிஷினைக் கழற்றினார். வாயால் ஊதினார். சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, "ஒன்ஸ் மோர்" என்றார்.

மறுபடியும் சொன்னேன். ரத்தம் எப்படி உறைகிறது என்பதை முதலிலிருந்து கடைசி வரை, ஒரு வார்த்தை விடாமல், உதட்டை நன்றாக விரித்தும் குவித்தும் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. பையிலிருந்து பட்டாணி அளவு பேட்டரி ஒன்றை எடுத்து மிஷினுக்குள் மாற்றினார். "ஸாரிம்மா, காலையிலதான் புதுசு போட்டேன்" என்று தமிழில் மன்னிப்பு வேறு கேட்டார்.

அடுத்த முறை சொல்ல வாயைத் திறந்தபோதுதான் எனக்கே உறைத்தது. அவருடைய மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. என் வாயிலிருந்து சத்தமே வரவில்லை.

உதடு அசைகிறது. நாக்கு போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போய் வருகிறது. கை இரண்டும் மேஜைக்கு மேலே என்னவோ முடிச்சுப் போடுகிறது. குரல் மட்டும் எங்கள் ஊர் சங்கரன்கோவிலிலேயே தங்கிவிட்டது.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். போன வாரம் இதே பத்தியில் என் கல்யாணத்தில் பிரியாணி பாதிப் பந்தியிலேயே தீர்ந்துபோன கதையை எழுதினேன் அல்லவா, அதற்காக என் வீட்டுக்காரர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த வாரம் மானம் போவது எனக்கு மட்டும் என்பதால் அவருக்கு நிம்மதியாக இருக்கும்.

குரலை வாசலில் விட்டுவிட்டு

தறிக்கூடத்துக்குள் நுழையாதவர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் விசைத்தறி ஓடும் தெருவில் நடந்தாலே காது அடைக்கும். கூடத்துக்குள்ளே என்றால் கேட்கவே வேண்டாம். வரிசையாக நிற்கும் தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும், வெளிச்சம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குள் கத்திப் பேசினால் பஞ்சுத்தூசி தொண்டைக்குள் போவதுதான் மிச்சம். அதனால் தறிக்காரர்கள் யாரும் சத்தம் கொடுத்துப் பேசமாட்டோம். வாயை மட்டும் அசைப்போம். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் படித்துக்கொள்வார். அது போதாததற்குக் கை இருக்கிறது. மீசையை முறுக்குவதுபோல் செய்தால் முதலாளி அண்ணாச்சி வருகிறார் என்று அர்த்தம். தாடையைத் தட்டினால் சாப்பாடு. கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்தால், யாரோ தறியை ஓடவிட்டுத் தூங்குகிறார்கள், போய் எழுப்பு.

மாஸ்க் போட்ட காலத்தில் எங்களுக்குப் பெரிய கஷ்டம் வந்தது. உலகமே மூச்சுக்குப் பயந்தபோது நாங்கள் பேச்சுக்கு அழுதோம். உதடு மறைந்துவிட்டதே, எப்படிப் பேசுவது? அப்போதுதான் கை ஜாடைகள் ஒன்றுக்கு நாலாகப் பெருகின. மாஸ்க் போன பிறகும் அவை போகவில்லை.

என் தறிக்கு நேர் எதிரில் நின்றவள் கோமதி மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குத் தறி ஓட்டத் தெரியாது, அவளுக்கு என்னைப் பிடிக்காது. எதிரெதிரே நின்று ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்ததில் எப்படியோ பிடித்துப்போனது. வீட்டில் அவளும் நானும் பேசியது குறைவு. பேச வேண்டியதை எல்லாம் தறிக்கூடத்தில் பேசித் தீர்த்துவிடுவோம்.

தமிழில் தெரிந்த ரத்தம்

நான் பிளஸ் டூவில் சயன்ஸ் குரூப் எடுத்தவள். தமிழ் மீடியம். நல்ல மார்க். அதற்கப்புறம் கல்யாணம், மகள், தறி. மகளுக்கே வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிற வயதில், ரத்தப் பரிசோதனை செய்கிற லேப் டெக்னீசியன் படிப்பில் சேர்ந்தேன். காலையில் தறி, மத்தியானத்துக்கு மேல் வகுப்பு. என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வேறொரு கூடத்தில் ராத்திரி ஷிப்ட். ஒன்றும் சொல்வதற்கு முழித்திருந்தால்தானே.

எழுத்துப் பரீட்சை எனக்குப் பிரச்சினையே இல்லை. படித்ததை அப்படியே தாளில் இறக்கிவிடுவேன். வைவா என்கிற வாய்ப்பரீட்சைதான் என்னைக் கவிழ்த்தது. அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சிவப்பணு தெரியும், வெள்ளையணு தெரியும், ரத்தத் தட்டு தெரியும். எட்டாம் வகுப்பிலிருந்தே அவை எனக்குப் பழக்கம். அவற்றின் இங்கிலீஷ் பெயரை எழுதவும் தெரியும். ஆனால் எப்படி உச்சரிப்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. புத்தகத்தில் பார்த்தால் எழுத்துகள் ரயில் பெட்டி மாதிரி நீளமாக நிற்கின்றன. எங்கே பிடித்து ஏறுவது?

முதல் வைவாவில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். தப்பாகச் சொல்லிச் சிரிப்பு வாங்குவதைவிடச் சும்மா இருந்து ஃபெயிலாவது மேல் என்று அப்போது நினைத்தேன். என் திமிர் அப்படி.

அதற்கான பலன் உடனே கிடைத்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லேப் வைத்திருந்த எஸ்தர் அக்கா, படிப்பு முடிந்ததும் என்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் ஒரு ஸ்டூலைக் காட்டி, "இது ஒனக்குத்தான்" என்றும் சொல்லியிருந்தாள். நான் ஃபெயிலான செய்தியைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"முப்பிடாதி, இன்னும் ஒரே ஒரு பரீட்சைக்குத்தான் பொறுப்பேன். அதுக்கு மேல என்னால முடியாது. சிவகிரிக்காரி ஒருத்தி வந்து வந்து கேட்டுக்கிட்டு நிக்கா. அவளும் இந்தத் தடவ பரீட்சைக்கு வாரா பாத்துக்க."

அந்த ஸ்டூலில் நான் ஒருமுறை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். லேசாக ஆடும். உட்கார்ந்து செய்கிற வேலை என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே நின்று நின்று கால் நரம்பு சுருண்டவளுக்குத்தான் தெரியும். அது எனக்கு வேண்டும். அவ்வளவு வேண்டும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, எவளென்றே தெரியாத அந்தச் சிவகிரிக்காரியைத் திட்டிக்கொண்டே பாத்திரம் கழுவினேன்.

போனில் வந்த மாமா

உச்சரிப்புக்கு வழி போனில் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒருவர் வீடியோ போடுகிறார். அறிவியல் வார்த்தைகள், அர்த்தத்தோடு, உச்சரிப்போடு. ஒவ்வொரு வார்த்தையையும் முதலில் மெதுவாகச் சொல்வார், பிறகு துண்டு துண்டாக உடைப்பார், பிறகு ஒரே ஓட்டமாக ஓட்டுவார். கடைசியில், "எங்கே, மாமாவோடு சேர்ந்து சொல்லுங்க பார்க்கலாம், குட்டீஸ்" என்பார். பின்னணியில் அவர் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். லிம்ஃபோசைட் என்ற வார்த்தையை இன்றைக்கும் எனக்கு விசில் இல்லாமல் நினைக்க முடியாது.

குட்டீஸ்களோடு குட்டீஸாக நானும் சொன்னேன். ஆனால் எங்கே சொல்வது? வீடு ஒரே அறை. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர் கட்டிலில் கிடக்கிறார். அவரை எழுப்பிவிட்டால் அன்றைக்கு முழுதும் வீட்டில் தறி ஓடும். அதனால் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பேன். தெருவில் சொல்லிக்கொண்டே போகலாம்தான். "செல்வத்துப் பொண்டாட்டிக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று பேச்சு வரும். வகுப்பிலோ நான் கடைசி பெஞ்சு.

மிச்சமிருந்தது தறிக்கூடம் ஒன்றுதான். அங்கே என் வாயை உற்றுப் பார்க்க ஒரு ஆள் இருந்தாள்.

"என்னட்டி, ஆடு அசைபோடுத மாதிரி தனியா வாய அசைக்க?" என்று ஒருநாள் எதிரிலிருந்து உதட்டாலேயே கேட்டாள் மதினி.

பரீட்சைக்கு என்றேன். வார்த்தையைச் சொல்லிக் காட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் உதடு தெரியும். நேற்று ஒருமாதிரி அசைந்த வாய் இன்று வேறுமாதிரி அசைந்தால் கண்டுபிடித்துவிடுவாள். ஆள்காட்டி விரலை ஆட்டுவாள். இன்னொருதரம். சரியானது எது என்று அவளுக்குத் தெரியாது, மாறினது தெரியும். நான் தப்பான ஒன்றையே ஒரு வாரம் ஒழுங்காகச் சொன்னால் அதற்கும் தலையாட்டிக்கொண்டிருப்பாள். பிறகு போன் மாமாவிடம் திருத்திக்கொண்டு வந்து சொன்னால், "இப்பத்தான் தப்பாச் சொல்லுத" என்று சண்டைக்கு வருவாள்.

உறைமோரும் லத்திக்கம்பும்

அர்த்தம் தெரியாமல் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. "அப்படின்னா என்ன?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டாள். அந்தச் சத்தத்தில் சிவப்பணுவின் வேலையை எப்படி விளக்குவது? கை ஜாடைதான்.

சிவப்பணுவுக்கு நெற்றிப் பொட்டைத் தொட்டோம். வெள்ளையணு கிருமியை அடிக்கும் என்றேன். மதினி போலீஸ்காரர் மாதிரி லத்தி வீசிக் காட்டினாள். பிளாஸ்மாவுக்குச் சோற்றுக் கஞ்சி வடிப்பது. சென்ட்ரிஃப்யூஜ் என்பது ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கிற மிஷின். அதற்கு ஆட்டுரல் சுற்றுவது. அனீமியாவுக்குக் கீழ் இமையை இழுத்துக் காட்டுவது. கோயாகுலேஷன் என்றால் ரத்தம் உறைவது. அதற்கு மதினி பாலில் உறைமோர் ஊற்றிவிட்டுத் தட்டால் மூடினாள். மூடிவிட்டு, நாளைக் காலையில்தான் திறக்க வேண்டும் என்று எனக்கு எச்சரிக்கையும் செய்தாள்.

பிளேட்லெட்டுக்குத்தான் கொஞ்சம் யோசித்தோம். ரத்தக்குழாய் கிழிந்தால் ஓடி வந்து அந்த இடத்தை அடைக்கும் சமாச்சாரம் அது. நான் காற்றில் என்னென்னவோ வரைந்தேன். மதினி புரியாமல் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து அவள் தறியில் பாவு நூல் ஒன்று அறுந்தது. குனிந்து இரண்டு முனையையும் பிடித்து, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் உரச ஒரு முடிச்சுப் போட்டாள். நான் துள்ளிக் குதித்தேன். அதேதான் என்று அவள் விரலைக் காட்டினேன்.

அன்றிலிருந்து அதுதான் பிளேட்லெட். இரண்டு கை விரலும் காற்றில் ஒரு முடிச்சுப் போடும். ஜாடையைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற தறிக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நூல் அறுந்து ஆள் தேவைப்பட்டால், "பிளேட்லெட், பிளேட்லெட்" என்று வாயை அசைத்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலாளி அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அது என்ன பார்ட்டு? நம்ம தறில எங்கன இருக்கு? வாங்கிப் போடணுமா?" என்று கேட்டார்.

ஒரே ஒரு வார்த்தையில்தான் தகராறு வந்தது. இயோசினோஃபில். வெள்ளையணுவில் ஒரு வகை அது. அலர்ஜி, தும்மல் என்றால் கூடும். அதை ஒழுங்காகச் சொல்ல உதட்டை இரண்டு இடத்தில் நன்றாகக் குவிக்க வேண்டும். நான் எதிரிலிருந்த மதினியைப் பார்த்துக் குவித்தேன். அவளுக்குப் பின்னால், அடுத்த வரிசையில் நின்ற ஆம்பளைகள் கண்ணில் அது என்னவாகப் பட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மதினி தறியை நிறுத்திவிட்டு நேரே என்னிடம் வந்தாள். காதில் வாயை வைத்துக் கத்தினாள்.

"ஏட்டி, அந்த வெக்கங்கெட்ட வார்த்தைய இனி இங்கன சொல்லாத! எதுத்தாப்ல இருக்கவன் என்ன நெனப்பான்? செல்வத்துக்கு யாரு பதில் சொல்லுதது?"

"பரீட்சைல கேப்பாவளே மதினி!"

"கேட்டா தும்மிக் காட்டு!"

அப்படித்தான் அந்த ஒரு வார்த்தைக்கு உதடே இல்லாமல் போனது. மூக்கைப் பிடித்துத் தும்மிக் காட்டுவதோடு சரி.

மீண்டும் அந்த மேஜைக்கு

இப்போது மேஜைக்கு வருகிறேன். பரீட்சைக்காரர் சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவர். தலை முழுக்க நரை. ஹால் டிக்கெட்டைப் பார்த்து, "மு... முப்பி... முப்பிதாடி?" என்று என் பெயரையே கை கால் உடைத்துத்தான் தொடங்கியிருந்தார். என் உச்சரிப்பைச் சோதிக்க வந்த லட்சணம் இது என்று எனக்குள் கொஞ்சம் தைரியம் வந்தது. கேள்வி கேட்டார். பதில் எல்லாம் தெரியும். வாய் திறந்தது. அதற்கப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

பேட்டரி மாற்றிய மனிதரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "சார், மிஷினு நல்லாத்தான் இருக்கு. நாந்தான் சத்தம் போடல" என்றேன். தமிழ் மட்டும் தாராளமாகச் சத்தத்தோடு வந்தது.

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஏம்மா?"

தறிக்கூடத்தைப் பற்றிச் சொன்னேன். இந்த வார்த்தைகளை இதுவரை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை என்றேன். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. ஸ்டூல் கண் முன்னால் ஆடியது. அதில் சிவகிரிக்காரி ஏறி உட்காருவதுபோல் இருந்தது.

அவர் சிரித்தார். "நீ பிளேட்லெட்னு சொன்னே. அப்புறம் கோயாகுலேஷன். சரியா?"

சத்தமே இல்லாமல் சொன்னது இவருக்கு எப்படித் தெரிந்தது?

"எனக்குக் காது போய் ரொம்ப வருஷம் ஆச்சும்மா. பாதி உலகத்தை உதட்டைப் பார்த்துத்தான் ஓட்டுறேன். உன் உதடு நல்லாத் தெளிவா இருக்கு. ஆனா உதட்டுக்கு மார்க் போட முடியாது. சத்தம் வேணும். ட்ரை பண்ணு."

மூச்சை இழுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த சத்தம் ஒன்றே ஒன்றுதான், தறி ஓடும்போது கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, தீப்பிடித்தால் கத்துகிற சத்தம்.

"பிளேட்லெட்ஸ்!"

அவர் நாற்காலியோடு பின்னால் போனார். மிஷினைப் பிடுங்கி எடுத்துக் காதைத் தேய்த்தார். அலமாரியில் கண்ணாடிக் குழாய்கள் கிணுகிணுத்தன. நான் பயந்து கையை மடியில் கட்டிக்கொண்டு, குரலைத் தணித்து அடுத்த வார்த்தையைச் சொல்லப் பார்த்தேன். வரவில்லை. கையைக் கட்டியதும் வார்த்தையும் கட்டிக்கொண்டது. குரலைத் தணித்ததும் உதடு தன் பழைய வேலையைச் செய்ய ஆரம்பித்தது, சத்தமில்லாமல்.

அவர் நான் கட்டி வைத்திருந்த கையைப் பார்த்தார். பிறகு மிஷினை மேஜை மேல், எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார்.

"சரி. நீ கத்தியே சொல்லு. உன் சத்தத்துக்கு எனக்கு இது தேவைப்படாது. கையையும் எடுத்து வெளியே வை."

அவ்வளவுதான். நான் தறியை ஓடவிட்டேன். பொட்டைத் தொட்டேன், லத்தி வீசினேன், கஞ்சி வடித்தேன், உரல் சுற்றினேன், உறை ஊற்றி மூடினேன். ஒவ்வொரு ஜாடைக்கும் பின்னாலேயே வார்த்தை தடதடவென்று வந்தது. என் வாயிலிருந்து வரும் ஹீமோகுளோபின் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் நானே முதன்முதலாகக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அவர் காதைக் கொஞ்சம் சாய்த்து, உதட்டைப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"விச் செல்ஸ் இன்க்ரீஸ் இன் அலர்ஜி?"

கை தானாக மூக்குக்குப் போனது. தும்மிக் காட்டினேன்.

"ப்ளெஸ் யூ" என்றார் அவர்.

"இல்ல சார், அதான் பதிலு."

"பதிலா?"

துப்பட்டாவை இழுத்து வாயை மூடிக்கொண்டு அதற்குள்ளே முணுமுணுத்தேன். அவருக்குக் காதும் இல்லை, இப்போது என் உதடும் இல்லை. "துணியை எடும்மா" என்றார். மதினி எதிரில் நின்று முறைப்பதுபோலவே இருந்தது. செல்வத்துக்கு யாரு பதில் சொல்லுதது? நான் சொல்லிக்கொள்கிறேன் மதினி என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, துப்பட்டாவை இறக்கி, உதட்டை எவ்வளவு குவிக்க வேண்டுமோ அவ்வளவு குவித்து, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"இ-யோ-சி-நோ-ஃபில்ஸ்!"

போன் மாமா கேட்டிருந்தால் குக்கரை அணைத்துவிட்டு வந்து கைதட்டியிருப்பார்.

வெளியே வந்தபோது வராந்தாவில் காத்திருந்த பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். என் பதில்கள் எல்லாம் அவர்களுக்குக் கேட்டுவிட்டதாம். அதிலும் சின்னப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் சிவகிரி. நீங்க சொன்னதக் கேட்டுத்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துச்சு" என்றாள். நான் இத்தனை நாள் திட்டியது இவளைத்தானா என்று கேட்க வாய் வரவில்லை. நல்ல பிள்ளையாக இருந்தாள். அந்தப் பெரியவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "முப்பிதாடி, உங்க ஊர்ல பிரியாணி நல்லா இருக்குமாமே, எந்தக் கடையில?" என்றார். கடையைக் கத்திச் சொன்னேன்.

கரண்ட் போனபோது

ரிசல்ட் வர நாளானது. அதுவரை வழக்கம்போல் தறியில்தான் நின்றேன். வந்த அன்று காலையில் தறிக்குப் போகாமல் படிப்பு மையத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, எஸ்தர் அக்காவிடம் சொல்லிவிட்டு, அந்த ஸ்டூலையும் ஒருமுறை தொட்டுவிட்டு, நேராகத் தறிக்கூடத்துக்கு ஓடினேன். மறுநாள் காலையிலேயே லேபுக்கு வரச் சொல்லியிருந்தாள் அக்கா.

எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. என்னுடையது மட்டும் நின்றிருந்தது. மதினி நிமிர்ந்து, என்னாச்சு என்று புருவத்தைத் தூக்கினாள். ஜாடை காட்டக் கையைத் தூக்கினேன். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் கூடத்தில் பாஸ் என்பதற்கு ஜாடையே கிடையாது. அதற்கு அங்கே இதுவரை வேலை வந்ததில்லை. உதட்டால் சொன்னேன். பாஸ். நாளையிலிருந்து லேப்.

அவள் பதில் சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது.

எல்லாத் தறியும் ஒன்றாக நின்றன. கூடம் மட்டுமில்லை, தெரு முழுக்கச் சத்தம் அடங்கியது. எங்கேயோ ஒரு ஆட்டோ போவதுகூடக் கேட்டது. ஆம்பளைகள் டீக்குக் கிளம்பினார்கள். நெற்றியில் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைத்துக்கொண்டு மதினி என்னைப் பார்த்தாள்.

"சத்தமாச் சொல்லு."

"பாஸ் மதினி!"

"அது தெரியும்ட்டி, வாயில பாத்தாச்சு. அந்த நூலு முடியுதது உண்டுல்லா? அதச் சொல்லு."

"பிளேட்லெட்."

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். இத்தனை மாதம் தினமும் பார்த்த வார்த்தையை அவள் இப்போதுதான் காதால் கேட்கிறாள். என்னைவிட அதிகமாக அதைப் பார்த்தவள் அவள்தான்.

"இவ்வளவுதானா?" என்றாள். "நான் இன்னும் பெருசா இருக்கும்னுல்லா நெனச்சேன். சரி, உறை ஊத்துதது?"

"கோயாகுலேஷன்."

"இது நல்லாருக்கு. லத்திக்கம்பு?"

ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்றிரண்டை அவளும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். கடைசியாகச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ஆம்பளைய எல்லாம் போயாச்சு. அந்த வெக்கங்கெட்டதயும் சொல்லிரு" என்றாள். சொன்னேன். அவளும் உதட்டைக் குவித்துச் சொன்னாள். இரண்டு பேரும் தறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அண்ணாச்சியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்து முடித்ததும் மதினி ஓடாத தறியில் நூலைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். நானும் ஏதாவது கேட்பாள் என்று நின்றேன். கேட்கவில்லை.

கரண்ட் வந்தது. தறிகள் ஓட ஆரம்பித்தன. காது அடைத்த பிறகுதான் அவள் நிமிர்ந்தாள். உதட்டை அசைத்தாள். அது எனக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் தெளிவாகத் தெரிந்தது.

"நாளைக்கு எதுத்தாப்ல யாருட்டி நிப்பா?"

அவ்வளவு நேரம் அமைதியாக இருந்தபோது கேட்காமல், சத்தம் வரட்டும் என்று காத்திருந்து கேட்டாள். என் கை மேலே போய், பெருவிரலும் ஆள்காட்டி விரலும் உரசி, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் காற்றில் ஒரு முடிச்சுப் போட்டது.

மதினி அதைப் பார்த்தாள். அவளும் கையைத் தூக்கி, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு அவள் தறியில் நிஜமாகவே நூல் அறுந்துவிட்டது. குனிந்து முடியப் போய்விட்டாள்.